பார்வையாளர் யார் சொத்து? ஸே ஃபிராங்க்கை முன்வைத்து

இணையத்தில் வீடியோ போட்டு ஊரைச் சிரிக்க வைத்த ஒருவர் பத்து வருடம் கழித்து ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அமெரிக்காவில் இன்று அபூர்வமான செய்தி இல்லை. இந்த மாற்றத்தைப் பற்றி அங்கே இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். விளையாட்டுப் பிள்ளை ஒருவழியாகப் பொறுப்புக்கு வந்துவிட்டான் என்பது ஒன்று. நல்ல கலைஞன் காசுக்கு விலைபோய்விட்டான் என்பது மற்றொன்று. ஸே ஃபிராங்க் என்று அறியப்படும் ஹோசியா ஃபிராங்க்கின் தொழில் வாழ்க்கையை ஆண்டுவாரியாக வைத்துப் பார்த்தால் இரண்டுமே பொருந்தவில்லை. அவர் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போனதாகச் சொல்ல இடமில்லை; தொடக்கத்திலிருந்தே நகைச்சுவையும் தொழில்நுட்பமும் அவர் கையில் ஒரே வேலையாகத்தான் இருந்தன. முகம் தெரியாத மனிதர்களை ஒரு காரியத்தில் ஒன்றுசேர்ப்பது அவருடைய வித்தை. அந்த வித்தையை ஒரு நிறுவனத்துக்குக் கற்றுக்கொடுக்கலாம், அதை வைத்து நிறுவனம் கோடிக்கணக்கில் மதிப்புப் பெறலாம் என்று அவர் காட்டினார். ஆனால் அந்த வித்தை சேர்த்துக் கொடுத்த பார்வையாளர்களை நிறுவனத்தால் தக்கவைக்க முடியவில்லை. இது ஃபிராங்க் ஒருவருக்கு நேர்ந்த விபத்து என்று தள்ளிவிட முடியாது என்பதும், இந்த வகைத் தொழில்முனைவின் அமைப்பிலேயே இருக்கும் கோளாறு இது என்பதும் என் வாதம்.

ஃபிராங்க் 1972இல் பிறந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் படித்து 1995இல் பட்டம் பெற்றார்; ஒரு ஃபங்க் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தார். 2001இல் தன் பிறந்தநாள் விருந்துக்கு நண்பர்கள் பதினேழு பேரை அழைக்க, ஒழுங்காக நடனம் ஆடுவது எப்படி என்று கேலியாகச் செய்துகாட்டும் ஓர் இணையப் பக்கத்தைச் செய்து அனுப்பினார். அவர்கள் அதை மற்றவர்களுக்கு அனுப்ப, அவர்கள் இன்னும் பலருக்கு அனுப்ப, சில நாட்களுக்குள் அவருடைய சொந்தத் தளத்துக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வந்துவிட்டார்கள். யூடியூப் பிறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்த காலம். அதே 2001இல் எம்ஐடி மாணவர் ஜோனா பெரெட்டி, காலணியில் வேண்டிய சொல்லைப் பொறித்துத் தருவதாக நைக்கி நிறுவனம் அறிவித்ததைப் பிடித்துக்கொண்டு, கொத்தடிமைப் பட்டறை என்று பொருள்படும் சொல்லைப் பொறித்துத் தரும்படி கேட்டார். நிறுவனம் மறுக்க, அந்தக் கடிதப் போக்குவரத்து மின்னஞ்சல் வழியே உலகைச் சுற்றியது. ஒருவர் ஆட்டக்காரர், மற்றவர் குறும்புக்காரர். இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரே விஷயம் புரிந்தது. ஒரு பொருள் பரவுவதற்கு அதன் தரத்தைவிட, அதை இன்னொருவருக்கு அனுப்புவதில் அனுப்புபவருக்குக் கிடைக்கும் இன்பமே முக்கியக் காரணம். பெரெட்டி அந்தப் பாடத்தை வைத்து 2006இல் பஸ்ஃபீட் என்ற இணைய ஊடக நிறுவனத்தைத் தொடங்கினார். ஃபிராங்க் அதே 2006இல், மார்ச் 17ஆம் தேதி, தன் தினசரி வீடியோ நிகழ்ச்சியைத் தொடங்கினார்.

‘தி ஷோ’ என்ற அந்த நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் இருக்கிறது. வார நாட்களில் தினமும் சில நிமிடங்கள். ஓராண்டு முடிந்ததும் நிறுத்திவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, 2007 மார்ச் 17 அன்று சொன்னபடி நிறுத்தினார். திரை முழுக்க அவர் முகம். கண் இமைக்காமல் கேமராவை வெறிப்பார். வாக்கியத்துக்கு வாக்கியம் வெட்டு விழும். மூச்சுவிடும் இடைவெளிகூட மிஞ்சாது. இன்று யூடியூபில் அறையில் தனியாக உட்கார்ந்து பேசும் யாரைப் பார்த்தாலும் அந்த வெட்டு இருக்கிறது. அதை ஃபிராங்க்கிடம் கற்றவர்கள் பலர், அவரிடம் கற்றவர்களிடம் கற்றவர்கள் அதைவிடப் பலர். ஆனால் பாணியைவிட முக்கியமானது, பார்த்துக்கொண்டிருந்தவர்களை அவர் என்ன செய்யச் சொன்னார் என்பது. சில வெள்ளிக்கிழமைகளில், பார்வையாளர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் சேர்ந்து திருத்தி எழுதிய வசனத்தை அப்படியே பேசினார். மிக அசிங்கமான மைஸ்பேஸ் பக்கம் எது என்று போட்டி வைத்தார். அது அழகற்றதைக் கேலி செய்யும் போட்டியாக முடியவில்லை. வடிவமைப்பு என்பதையே அறியாதவர்கள் கையில் முதன்முதலாகக் கருவி கிடைத்திருக்கிறது, அவர்கள் பழைய விதிகளை மீறித்தான் கற்றுக்கொள்வார்கள் என்று அந்தப் பக்கங்களுக்காக அவர் வாதாடினார்.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது பூமி சாண்ட்விச். பூமியின் ஒரு பக்கத்தில் தரையில் ஒரு ரொட்டித் துண்டு, நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று; நடுவில் உலகமே பண்டமாகிவிடும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் செய்வது எளிதில்லை. பூமியின் பெரும்பகுதிக்கு நேர் எதிரே கடல்தான் இருக்கிறது. நிலத்துக்கு நேரே நிலம் வரும் இடங்கள் குறைவு. பார்வையாளர்கள் வரைபடக் கருவிகளைத் தாங்களே செய்து இடம் தேடினார்கள். கடைசியில் கனடாவைச் சேர்ந்த சகோதரர்கள் ஸ்பெயினிலும் நியூசிலாந்திலும் ரொட்டியை வைத்து முடித்தார்கள். ஒருவர் சொன்ன வேடிக்கைக்காக முன்பின் தெரியாதவர்கள் நிரல் எழுதினார்கள், பயணம் போனார்கள், ஆளுக்கொரு சான்றை அனுப்பினார்கள். மென்பொருள் நிறுவனங்கள் பின்னாளில் பயனர் ஈடுபாடு என்று பெயர் வைத்துக் கணக்கிட்டுத் தவித்த பொருள் இதுதான். நியூயார்க்கில் ஒரு சிறு அறையிலிருந்து ஒரு தனிமனிதர் அதை ஏற்கெனவே உருவாக்கிக் காட்டியிருந்தார். ஆகவே அவரைத் தொழில்நுட்பத்துக்கு வந்து சேர்ந்த நகைச்சுவையாளர் என்பது காலத்தைத் தலைகீழாகப் பார்ப்பது. வீடியோ அவருக்குப் பரிசோதனைக்கூடம், சிரிப்பு அதில் நுழைவதற்கான அனுமதிச்சீட்டு.

இடைப்பட்ட ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 2008இல் ட்விட்டரில் மக்களை வண்ணங்களின் பெயரால் அணிபிரித்து விளையாட வைத்தார்; சிறுவயதுப் புகைப்படத்தை அதே உடை, அதே முகபாவத்தோடு மறுபடி எடுத்து அருகருகே வைக்கும் வழக்கம் பரவியதில் அந்த விளையாட்டுக்குப் பங்குண்டு. 2011இல் முதலீட்டாளர்களின் பணத்தோடு ஸே ஃபிராங்க் கேம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நண்பர்கள் ஒருவருக்கொருவர் நட்சத்திரம் கொடுத்துக்கொள்ளும் ஒரு தளத்தை வெளியிட்டார். அது எடுபடவில்லை. எடுபடாததன் காரணம் கவனிக்கத்தக்கது என்று நினைக்கிறேன். பூமி சாண்ட்விச்சில் பார்வையாளரை அழைத்தது ஒரு முகம், ஒரு குரல், அடுத்த நாள் காலையில் அதைப் பற்றிப் பேசப்போகும் ஓர் ஆள். தளத்தில் பொத்தான்கள் மட்டும் இருந்தன.

2012தான் இந்தக் கதையின் முச்சந்தி. அந்த ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் ஒரு நிகழ்ச்சி நடத்த கிக்ஸ்டார்ட்டரில் 50,000 டாலர் கேட்டார். கிடைத்தது 1,46,752 டாலர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நிறுத்திய ஒரு நிகழ்ச்சியின் பழைய பார்வையாளர்கள், இன்னும் எடுக்கப்படாத வீடியோவுக்கு முன்பணம் கட்டினார்கள். ஏப்ரலில் நிகழ்ச்சி தொடங்கியது. அதே ஆண்டில் பெரெட்டியின் பஸ்ஃபீட் ஃபிராங்க்கின் நிறுவனத்தை வாங்கி, அவரை லாஸ் ஏஞ்சலஸில் தன் வீடியோ பிரிவுக்குத் தலைவராக்கியது. ஒரு மனிதருக்கு ஒரே ஆண்டில் இரண்டு முதலீடுகள். ஒன்று, பெயர் தெரிந்து நம்பிப் பணம் கட்டிய சில ஆயிரம் பேருடையது. மற்றது, அவர் அறிவு லட்சம் மடங்கு பெருகும் என்று கணக்குப் போட்ட துணிகர முதலீட்டாளர்களுடையது. முதலாவது முதலீட்டின் வரம்பு வெளிப்படையானது. ஒன்றரை லட்சம் டாலரில் ஓரிருவர் ஓராண்டு ஓட்டலாம், அவ்வளவுதான். அவர் இரண்டாவதைத் தேர்ந்ததில் பேராசை எதுவும் எனக்குத் தெரியவில்லை. மனிதர்கள் ஏன் ஒன்றை இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள் என்ற தன் கேள்வியைப் பதினேழு நண்பர்களிடம் தொடங்கியவருக்கு, அதைக் கோடிக்கணக்கானவர்களிடம் சோதிக்க ஒரு கூடம் கிடைத்தது. ஆராய்ச்சி மனம் படைத்த யாரும் போயிருப்பார்கள்.

கூடம் வேலை செய்தது. 2014 ஆகஸ்டில் துணிகர முதலீட்டு நிறுவனமான ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் 5 கோடி டாலர் போட்டபோது பஸ்ஃபீடின் மதிப்பு சுமார் 85 கோடி டாலர் என்று பேசப்பட்டது. வீடியோ பிரிவை ‘பஸ்ஃபீட் மோஷன் பிக்சர்ஸ்’ என்று தனிப்பெயரோடு விரிவாக்கியதும் அப்போதுதான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் என்பிசி யுனிவர்சல் 20 கோடி, மீண்டும் 20 கோடி என்று கொட்டியது. ஃபிராங்க் அங்கே கொண்டுவந்த முறை அவருடைய பழைய முறைதான். இந்த வீடியோ நன்றாக இருக்கிறதா என்பதை ஓரத்தில் வைத்துவிட்டு, இதை யார் யாருக்கு அனுப்புவார், அனுப்பும்போது தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்வார் என்று கேட்பது. இடதுகைக்காரர், மூத்த மகள், குடியேறிய குடும்பத்துப் பிள்ளை என்று ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு வீடியோ. இது நீதான் என்று நண்பரைச் சுட்டிக்காட்ட ஒரு சாக்கு. மலிவாக எடு, உடனே வெளியிடு, எண்ணிக்கையைப் பார், அடுத்ததை மாற்று. 2015இல் வந்த ‘டேஸ்ட்டி’ சமையல் வீடியோக்களில் இந்த முறை உச்சத்துக்குப் போனது. மேலிருந்து படமெடுத்த இரண்டு கைகள், ஒரு பாத்திரம், வேகமாக ஓடும் ஒரு நிமிடம், ஒலி இல்லாமலேயே புரியும் செய்முறை. சமைப்பவரின் முகம் கிடையாது. 2016 ஏப்ரலில் பஸ்ஃபீட் ஊழியர்கள் இருவர் ஒரு தர்பூசணியைச் சுற்றி ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாக மாட்டினார்கள். ஃபேஸ்புக் நேரலையில் முக்கால் மணி நேரம் நடந்த அந்தக் கூத்தில் பழம் வெடிக்கும் தறுவாயில் ஒரே சமயத்தில் 8 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூமி சாண்ட்விச்சின் பெரியப்பா பிள்ளை என்று அதைச் சொல்லலாம். ஒரு வேறுபாடு உண்டு: பழம் வெடித்ததும் எல்லோரும் கலைந்துவிட்டார்கள். இரண்டு ஊழியர்களின் பெயர் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாமல் இருப்பதே அந்த முறையின் பலமாகக் கருதப்பட்டது. முகத்தை நம்பினால் முகம் நாளை வெளியேறிவிடும். முறையை நம்பினால் ஆள் மாறினாலும் ஆலை ஓடும். முதலீட்டாளரின் பார்வையில் இது குற்றம் சொல்ல முடியாத கணக்கு. ஆனால் அந்த எட்டு லட்சம் பேரும் வந்தது பஸ்ஃபீடைத் தேடி இல்லை, ஃபேஸ்புக் அவர்கள் கண்முன் கொண்டுபோய் வைத்ததால். குத்தகை நிலத்தில் கிணறு வெட்டிய கதைதான். நேரலைக்கு ஆள் சேர்க்க ஃபேஸ்புக் அந்த ஆண்டு பஸ்ஃபீடுக்குச் சுமார் 30 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை மிகைப்படுத்திக் காட்டிவிட்டோம் என்று 2016 செப்டம்பரில் அதே ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. 2018 ஜனவரியில், நிறுவனங்களின் பதிவுகளைக் குறைத்து நண்பர், குடும்பத்தார் பதிவுகளை முன்னுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. ஓராண்டில் பஸ்ஃபீட் தன் ஊழியர்களில் 15 விழுக்காட்டினரை வெளியேற்றியது. 2021 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது, அதற்கென ஒதுக்கிவைத்திருந்த 28 கோடியே 75 லட்சம் டாலரில் முதலீட்டாளர்கள் பெரும்பாலோர் தங்கள் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள, கைக்கு வந்தது 1 கோடியே 60 லட்சம். 2023 ஏப்ரலில் செய்திப் பிரிவையும் மூடுவதாக அறிவித்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இதெல்லாம் ஃபேஸ்புக்கின் குற்றம். விளம்பரத்தை நம்பிய எந்த ஊடகத்துக்கும் அந்த ஆண்டுகளில் இதே கதிதான். நகைச்சுவையாளர் தலைவராக இருந்ததற்கும் வீழ்ச்சிக்கும் என்ன தொடர்பு? தளத்தை மாற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும். லிசா டோனோவன், டேனி ஸாப்பின், காசெம் ஜி, ஷே கார்ல் உள்ளிட்ட யூடியூப் நகைச்சுவைக்காரர்கள் 2009இல் சேர்ந்து தொடங்கிய மேக்கர் ஸ்டுடியோஸ் ஃபேஸ்புக்கை நம்பியதில்லை. கேமரா, அரங்கம், எடிட்டர், விளம்பரதாரர் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளும் கலைஞர் கூட்டாகத்தான் அது பிறந்தது. முதலீடு வந்தது, முதலீட்டுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டியிருந்தது, நட்பு வட்டம் ஆயிரக்கணக்கான சேனல்களின் வலையாக வீங்கியது. அப்போது யூடியூபில் மிக அதிகச் சந்தாதாரர்களை வைத்திருந்த ரே வில்லியம் ஜான்சன், தன் வருமானத்திலும் நிகழ்ச்சியின் உரிமையிலும் பங்கு கேட்டு அழுத்துகிறார்கள் என்று குற்றம்சாட்டி 2012இல் வெளியேறினார். அடுத்த ஆண்டு ஸாப்பினே தலைமைப் பதவியை இழந்து வழக்குப் போட்டார். 2014இல் டிஸ்னி 50 கோடி டாலருக்கு, இலக்குகளை எட்டினால் மேலும் 45 கோடி என்ற பேச்சோடு, நிறுவனத்தை வாங்கியது. 2017இல் சுமார் 60,000 சேனல்களை 300 அளவுக்குச் சுருக்கிவிட்டு அதைத் தன் மற்றொரு பிரிவுக்குள் கரைத்தது. வாங்கிய பிறகுதான் டிஸ்னிக்குத் தெரிந்தது: சேனல்களின் பார்வையாளர்கள் அந்தந்தச் சேனல்காரரைப் பார்க்க வந்தவர்கள். மேக்கர் என்ற பெயரைப் பார்க்க யாரும் வரவில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு, ரசிகர்கள் கலைஞருக்கு நேரடியாகப் பணம் கட்டும் தளமான பேட்ரியன். பாம்பிளமூஸ் இரட்டையரில் ஒருவரான ஜாக் கான்டி இசைக்கலைஞர், நகைச்சுவையாளர் இல்லை; ஆனாலும் யூடியூபிலிருந்து கிளம்பி, தன் சொந்தத் தேவைக்கு 2013இல் சாம் யாமோடு சேர்ந்து கட்டிய கருவி உண்மையான தொழில்நுட்ப நிறுவனமாக நிலைத்துவிட்டது; 2021இல் அதன் மதிப்பு 400 கோடி டாலர். கலைஞன் நிறுவனம் கட்ட முடியாது என்று யாராவது சொன்னால் அவர் வாயை அடைக்க இது போதும். நான் அப்படிச் சொல்லவில்லை. பேட்ரியன் நிலைத்தது, பார்வையாளரைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாததால். 2017 டிசம்பரில் அது ஒருமுறை எல்லையைத் தாண்டிப் பார்த்தது: பணம் கட்டும் ரசிகரிடம் ஒவ்வொரு தொகைக்கும் 2.9 விழுக்காடும் 35 சென்ட்டும் கட்டணம் வசூலிப்போம் என்று அறிவித்தது. ஒரு டாலர் தருபவர் 1.38 டாலர் கட்ட வேண்டும். பலருக்கு ஒரு டாலர் வீதம் தந்துகொண்டிருந்த எளிய ரசிகர்கள் கூட்டங்கூட்டமாக விலகினார்கள். ஒரு வாரத்தில் கான்டி மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டார். ரசிகருக்கும் கலைஞருக்கும் நடுவே கை வைத்தால் கை சுடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை அந்தத் துறையில் நடக்கவில்லை.

சரி, நகைச்சுவையாளரே நடத்தி வெற்றி கண்ட நிறுவனம் இல்லையா? இருக்கிறது. காலேஜ்ஹியூமர் நிறுவனத்தை அதன் உரிமையாளரான ஐஏசி 2020 ஜனவரியில் கைவிட்டபோது, ஏறத்தாழ நூறு பேர் வேலை இழந்தார்கள்; அங்கே 2006 முதல் நகைச்சுவை வீடியோ எடுத்துவந்த சாம் ரைஷ் அதை வாங்கிக்கொண்டார். அதன் டிராப்அவுட் என்ற சந்தாச் சேவை இன்று லாபத்தில் ஓடுகிறது. லாபத்தில் பங்கை நடிகர்கள், தொழிலாளர்கள் வரை பிரித்துக் கொடுக்கிறது. (அவருடைய அப்பா ராபர்ட் ரைஷ் கிளிண்டன் அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.) ஆனால் டிராப்அவுட் தொழில்நுட்பம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வீடியோ ஓடும் செயலியை விமியோவிடம் வாடகைக்கு எடுத்தது. அது தனக்கென்று வைத்துக்கொண்டவை இரண்டு: நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்ப வரும் முகங்கள், மாதாமாதம் பணம் கட்டுபவர்களின் பட்டியல். பஸ்ஃபீட் எதை விட்டுவிட்டதோ அதைப் பிடித்துக்கொண்டது, எதைப் பெரிதாக நினைத்ததோ அதை வெளியே வாங்கிக்கொண்டது. ஸ்மாஷ் என்ற யூடியூப் நகைச்சுவைச் சேனலின் இரட்டையர் இயன் ஹெக்காக்ஸ், ஆன்டனி பாடிலா கதையும் அதே திசையைத்தான் காட்டுகிறது: 2011இல் அதை விற்றார்கள், வாங்கிய நிறுவனம் 2018இல் மூடப்பட்டது, ரெட் அண்டு லிங்க் என்ற இன்னொரு நகைச்சுவை இரட்டையரின் நிறுவனம் எடுத்துக் காப்பாற்றியது, 2023இல் இருவரும் தங்கள் பெயரைத் தாங்களே திரும்ப வாங்கினார்கள்.

ஃபிராங்க்குக்கு எதிராக இன்னொரு கேள்வியும் உண்டு; அவருடைய ரசிகர்கள் அதை எழுப்புவதில்லை. ‘தி ஷோ’வின் வசனத்தை எழுதியவர்கள், சாண்ட்விச்சுக்கு வரைபடம் செய்தவர்கள், யாருக்காவது கூலி கொடுத்தாரா? பின்னாளில் நிறுவனங்கள் பயனரின் இலவச உழைப்பில் கொழுத்ததற்கு வழிகாட்டியவரே அவர்தானே? இதில் உண்மை இருக்கிறது, முழுதாக மறுக்க முடியாது. ஆனாலும் அளவு மாறும்போது செயலின் தன்மையும் மாறுகிறது. வீட்டு அறையிலிருந்து ஒருவர் நடத்திய விளையாட்டில் சேர்ந்தவர்களுக்கு அந்த விளையாட்டே ஊதியம். அவர்கள் செய்ததில் அவர்கள் பெயர் இருந்தது. 85 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனத்தின் வீடியோவை நண்பருக்கு அனுப்பியவர் செய்ததும் உழைப்புதான். அதில் அவர் பெயரும் இல்லை, எடுத்தவர் பெயரும் இல்லை, விளையாட்டும் இல்லை. கொடுத்து வாங்கும் உறவாக இருந்ததை எண்ணிக்கையாக மாற்றியபோது ஃபிராங்க் தன் கண்டுபிடிப்பின் பாதியைத்தான் நிறுவனத்துக்கு எடுத்துச் சென்றார். அது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பஸ்ஃபீடில் இருந்த காலத்திலும் அவர் தன் பழைய சேனலில் ‘ட்ரூ ஃபேக்ட்ஸ்’ என்ற விலங்குத் தொடரை வெளியிட்டுவந்தார்: எகிட்னா குட்டி, கடற்குதிரை, மான்டிஸ் இறால் என்று ஒவ்வொன்றையும் பற்றி உண்மையான விலங்கியல் தகவல்களை ஆவணப்பட வர்ணனைக் குரலில், அவ்வப்போது பச்சையான கேலியோடு சொல்லும் வீடியோக்கள்.

நிறுவனத்தை விட்டு வெளியேறிய பிறகு அவர் முழுநேரமாகத் திரும்பியது அந்தத் தொடருக்குத்தான். இப்போது அத்தியாயங்கள் நீளமானவை, ஆய்வாளர்கள் எடுத்த நுண்படங்களோடு வருபவை; செலவை விளம்பரதாரர்களும் பேட்ரியனில் பணம் கட்டுபவர்களும் ஏற்கிறார்கள். பஸ்ஃபீட் ஆண்டுகளை அவருடைய தொழில் வாழ்க்கையின் சிகரமாக எழுதுவது வணிகப் பத்திரிகைகளின் வழக்கம். அந்த ஆண்டுகள் மிக அதிகச் செலவில் நடந்த ஒரு பரிசோதனை என்பதும், அதன் விடை எதிர்மறையாக வந்தது என்பதும் என் முடிவு. அவரை நம்பி வந்தவர்கள் நிறுவனத்தோடு தங்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது பழைய சேனலிலேயே இருந்தார்கள்.